மொட்டைச் சுண்டெலி: லண்டனில் அகப்பட்ட ஒரு மரபணுவும் அதை வீட்டில் பெருக்குவதும்

உடம்பில் முடியே இல்லாத சுண்டெலியை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "எங்கே கிடைக்கும்?" என்றுதான். கிடைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. கைக்கு வந்திருப்பது எந்த வகை மொட்டை என்று தெரியாமல் இணை சேர்ப்பதில்தான் சிக்கலெல்லாம் ஆரம்பிக்கிறது. சுண்டெலிக்கு முடி இல்லாமல் செய்யும் மரபணுக்கள் பல உண்டு. வெளியே பார்த்தால் எல்லாமே அதே இளஞ்சிவப்புத் தோல், அதே பெரிய காது. ஆனால் ஒன்று ஒன்றரை வருடத்துக்கு மேல் சௌக்கியமாக ஓடியாடும், இன்னொன்று வேறெந்த எலியும் தாங்கிக்கொள்ளும் கிருமி பட்டாலே போய்விடும். ஒன்றின் குட்டிகள் மொத்தமும் முடியோடு வளர்ந்து உங்களைக் குழப்பும், இன்னொன்றுக்கு முதல் ஈற்றிலேயே பாதி மொட்டையாக வரும்.

அதனால் இங்கே ஒரே ஒரு மொட்டையை எடுத்துக்கொண்டு அதன் வழியே போகிறேன். மரபியலில் எச்ஆர் (முடியில்லாதது என்று பொருள்படும் ஹேர்லெஸ் என்பதன் சுருக்கம்) என்று குறிக்கப்படுவது அது. எங்கே பிடிபட்டது, யார் பெருக்கினார்கள், முடி ஏன் கொட்டுகிறது என்பதெல்லாம் ஓரளவு தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. வீட்டில் வளர்ப்பவருக்கு வரும் கேள்விகளுக்கு விடையும் பெரும்பாலும் அந்தப் பதிவுக்குள்ளேயே இருக்கிறது.

பறவைக் கூண்டில் பிடிபட்டது

இங்கிலாந்தில் மொட்டை எலி முன்பும் அகப்பட்டிருக்கிறது. லண்டனுக்கு மேற்கே உள்ள டாப்லோவில் பிடிபட்ட, தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கிய எலிகளைப் பற்றி காஸ்கோயின் என்பவர் 1856ல் லண்டன் விலங்கியல் கழகத்தின் இதழில் எழுதியிருக்கிறார். அந்த வம்சம் நிலைக்கவில்லை. நிலைத்தது 1920களில் லண்டனில் ஒரு பறவைக் கூண்டில் பிடிபட்டதுதான். எச்.சி. புரூக் அதைப் பற்றி 1926ல் ஜர்னல் ஆஃப் ஹெரிடிட்டி இதழில் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார்.

பறவைக் கூண்டில் பிடிபட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. பெரிய கூண்டில் எந்நேரமும் தானியம் சிந்திக் கிடக்கும், பூனை உள்ளே வராது, இரண்டு மூன்று எலி புகுந்தால் தங்களுக்குள்ளேயே இணைந்து பெருகும். அப்படி நெருங்கிய உறவுக்குள் பெருகும்போதுதான் தலைமுறை தலைமுறையாக மறைந்து கிடந்த ஒடுங்கு பண்பு, அதாவது இரண்டு பிரதி சேர்ந்தால் மட்டுமே தெரியும் பண்பு, வெளியே வரும். வயல்வெளியில் இதே குட்டி பிறந்திருந்தால் குளிரிலேயே செத்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. இது என் ஊகம்தான்.

பிடித்த எலியை அடித்துப் போடாமல் வைத்துக்கொண்டதற்கும் அந்த ஊரில் ஒரு பின்னணி உண்டு. இங்கிலாந்தில் அழகுக்காகச் சுண்டெலி வளர்த்துக் கண்காட்சி வைக்கும் பழக்கம் அப்போதே வேரூன்றிவிட்டது. வால்டர் மாக்ஸி என்பவர் முன்னின்று நடத்திய தேசியச் சுண்டெலிக் கழகம் 1895லேயே தொடங்கியாயிற்று. விசித்திரமான எலி ஒன்று கண்ணில் பட்டால் அதை யாரிடம் கொண்டுபோவது என்று தெரிந்த ஊர் அது. அப்புறம் எடின்பரோவில் க்ரூ, மிர்ஸ்காயா என்ற இரண்டு மரபியலாளர்கள் இந்தப் பண்பை முறையாக ஆராய்ந்து 1931ல் வெளியிட்டார்கள். அம்மா அப்பா இரண்டு பேரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி வந்தால்தான் குட்டி மொட்டையாகும் என்பது உறுதியானது.

காரணம் என்ன என்பது தெரிய இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1988ல் வந்த ஆய்வு, எலியின் 14ஆம் குரோமோசோமில் இருக்கும் அந்த மரபணுவுக்குள் ஒரு ரெட்ரோ வைரஸின் மரபுப்பொருள் புகுந்து உட்கார்ந்திருப்பதைக் காட்டியது. மரபணு உடையவில்லை, ஆனால் நடுவில் இந்த விருந்தாளி இருப்பதால் அதிலிருந்து சரியான செய்தி வெளியே வருவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. முடியோடு தலைகாட்டிய ஒரு விதிவிலக்கை ஆராய்ந்தபோது, புகுந்த வைரஸின் பெரும்பகுதி கழன்று போயிருந்தது தெரிந்தது. இதே மரபணு மனிதருக்கும் உண்டு. தலை முதல் கால் வரை முடியே இல்லாத ஒரு பாகிஸ்தானியக் குடும்பத்தில் அது பழுதாகியிருப்பதை 1998ல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள்.

இரண்டாவது வாரம்

வளர்ப்பவருக்கு உண்மையிலேயே பயன்படுகிற தகவல் முடி கொட்டும் நேரம்தான். எல்லாச் சுண்டெலியும் பிறக்கும்போது மொட்டைதான், அதனால் பிறந்த குட்டியைப் பார்த்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. எச்ஆர் குட்டிக்கு மற்றக் குட்டிகளைப் போலவே முதல் முடி வளரும், பார்க்க அழகாகவே இருக்கும். கண் திறந்த கையோடு, ஏறக்குறைய பதினான்காம் நாள் வாக்கில், கண் இமையைச் சுற்றி முடி உதிர ஆரம்பிக்கும். அங்கிருந்து தலை, தோள், முதுகு என்று பின்பக்கமாக அலை போல நகர்ந்து மூன்று வாரம் முடிவதற்குள் ஏறக்குறைய மொட்டை. சிலதற்கு அப்புறம் ஒரு மெல்லிய பூமுடி வந்து அதுவும் உதிரும்.

ஏன் இப்படி? முடி வளர்ந்து நின்று ஓய்வுக்குப் போகும்போது முடிக்குழி சுருங்கி மேலே ஏறும், அதன் அடியில் இருக்கும் சின்னத் திசுக்குமிழும் கூடவே ஏற வேண்டும். அடுத்த முடியை முளைக்கச் சொல்வது அந்தக் குமிழ்தான். எச்ஆர் எலியில் குமிழ் கீழேயே தங்கிவிடுகிறது, தொடர்பு அறுந்துபோகிறது. முதல் முடிக்குப் பழுதில்லை, இரண்டாவது முடிக்கு உத்தரவு போடத்தான் ஆளில்லை.

இந்த நேரக் கணக்கை வைத்தே பாதி நோயறிதலைச் செய்துவிடலாம். முடி வளர்ந்து அப்புறம் கண்ணிலிருந்து கொட்டியதா? எச்ஆராக இருக்க வாய்ப்பு அதிகம். முடி வளரவே இல்லை, பிறந்தபோதே மீசை குட்டையாகச் சுருண்டு இருந்தது அல்லது இல்லவே இல்லை என்றால் உஷாராகுங்கள், அது நியூட் எலியாக இருக்கலாம். அதன் கதை வேறு. 1962ல் கிளாஸ்கோவின் ரக்கில் மருத்துவமனையில் கிரிஸ்ட் என்பவரின் ஆய்வகத்தில் தென்பட்டது, 1966ல் ஃப்ளானகன் விவரித்தார், 1968ல் பான்டலூரிஸ் அதற்குத் தைமஸ் சுரப்பியே இல்லை என்று கண்டுபிடித்தார். தைமஸ் இல்லையென்றால் டி செல்கள் உருவாகாது, நோயெதிர்ப்பில் பாதி காலி. புற்றுநோய் ஆய்வுக்கு அது பொக்கிஷம், கிருமி நீக்கிய கூண்டில் வடிகட்டிய காற்றில் வைத்திருப்பார்கள். உங்கள் வரவேற்பறையில் அது வாழாது. செல்லமாக வளர்க்க யார் அதைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஃபஸி என்ற வகைக்கும் பிறக்கும்போதே மீசை வளைந்திருக்கும், ஆனால் அதற்கு மெலிந்த, சீரற்ற முடி ஓரளவு இருக்கும். நேக்கட் என்று ஒன்று உண்டு, அது ஓங்கு பண்பு. ஒரு பிரதி இருந்தாலே போதும், முடி வந்து வந்து ஒடிந்து விழும். இரண்டு பிரதி பெற்ற குட்டிகள் பலவீனமானவை. ரைனோ என்பது எச்ஆர் மரபணுவிலேயே இன்னொரு பழுது, வயதாக ஆகத் தோல் காண்டாமிருகம் போல மடிந்து தொங்கும்.

மரபணுவே சம்பந்தப்படாத மொட்டையும் நிறைய. ஒரே கூண்டில் இருக்கும் எலிகளில் ஒன்று மற்றவற்றின் மீசையையும் முதுகு முடியையும் கடித்துச் சிரைத்துவிடும். வெட்டியது போல ஓரம் நேராக இருக்கும், கூண்டில் முழு முடியோடு ஒன்று மட்டும் கம்பீரமாக உலாவும், அதுதான் நாவிதர். பிரித்து வைத்தால் சில வாரத்தில் முடி திரும்பிவிடும். பூச்சி, படர்தாமரை இருந்தால் சொறியும், செதிலும் தெரியும். இதையெல்லாம் "அபூர்வ மொட்டை" என்று விலை சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள்.

எங்கே கிடைக்கும்

சரி, முதல் கேள்விக்கு வருவோம். ஆய்வகங்களில் தோல் ஆராய்ச்சிக்கு அதிகம் பயன்படுவது எஸ்கேஎச்-1 என்ற மொட்டை எலி. எச்ஆர் பண்பு கொண்டது, நோயெதிர்ப்பு சாதாரணமாக இருப்பது. பெயர் ஃபிலடெல்ஃபியாவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் தோல், புற்றுநோய் மருத்துவமனையிலிருந்து வந்தது. ஆனால் ஆய்வக எலி விற்கும் பெரிய நிறுவனங்கள் ஆராய்ச்சி அமைப்புகளுக்குத்தான் விற்கும், உங்களுக்கும் எனக்கும் விற்காது. அந்தக் கதவைத் தட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மிச்சம் இருப்பது இரண்டு வழி. ஒன்று, பாம்புக்குத் தீனியாக எலி பெருக்குகிறவர்களின் தொட்டி. ஆயிரக்கணக்கில், பெரும்பாலும் உறவுக்குள்ளேயே பெருகுவதால் அங்கே அவ்வப்போது மொட்டை தலைகாட்டும். மலிவு, ஆனால் வயது தெரியாது, அம்மா யார் என்று தெரியாது, பெண் என்றால் ஏற்கெனவே சினையாக இருக்கவும் கூடும், சுவாச நோய் ஒட்டிக்கொண்டு வரும் வாய்ப்பும் அதிகம். இரண்டு மூன்று வாரம் வேறு அறையில் தனியாக வைத்துப் பார்க்காமல் வீட்டு எலிகளோடு சேர்க்கக் கூடாது. இன்னொன்று, சுண்டெலியை ஆர்வத்துக்காக வளர்த்துப் பதிவேடு வைத்திருக்கும் ஆள். காசு கூட, காத்திருக்க வேண்டும், ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். அவரிடம் கேட்க வேண்டியது மூன்றே கேள்வி: குட்டிக்கு முதலில் முடி வந்ததா, எந்த நாளில் கொட்டியது, அதன் தாய்க்கு முடி உண்டா. இதற்குத் தயங்காமல் பதில் சொல்பவர் எலியைக் கவனித்து வளர்க்கிறவர்.

இணை சேர்க்கும் கணக்கு

ஒரே ஒரு மொட்டை ஆண் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வளர்ப்பவர் உடனே தேடுவது மொட்டைப் பெண்ணைத்தான், இரண்டும் மொட்டை என்றால் குட்டிகள் அத்தனையும் மொட்டை என்ற கணக்கில். காகிதத்தில் கணக்கு சரி, கூண்டில்தான் இடிக்கும். எச்ஆர் பெண்ணுக்குப் பால் கொடுக்கும் திறன் மோசம். ஈனும், ஆனால் குட்டிகள் வயிற்றில் வெள்ளையாகத் தெரிய வேண்டிய பால் பட்டை இல்லாமல் கிடக்கும், ஒவ்வொன்றாகக் குறையும். அதனால்தான் ஆய்வகங்களிலேயே மொட்டை ஆணையும் முடியுள்ள கேரியர் பெண்ணையும் (மொட்டை மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் வெளியே தெரியாமல் சுமப்பவள்) இணைப்பது வழக்கமாயிற்று. பாதிக் குட்டி மொட்டை, பாதி முடியோடு, தாய்க்குப் பால் நன்றாக இருக்கும். வீட்டிலும் இதுதான் சரியான வழி, இதில் குறுக்குவழி தேட ஒன்றுமில்லை.

கேரியர் பெண் எங்கே கிடைப்பாள்? நீங்களே உண்டாக்க வேண்டும். மொட்டை ஆணை உறவில்லாத, திடமான, முடியுள்ள பெண்ணோடு சேருங்கள். பிறக்கும் குட்டிகள் அத்தனையும் முடியோடு இருக்கும். பலரும் சோர்ந்துபோய் எல்லாவற்றையும் கொடுத்துவிடுவது இந்தக் கட்டத்தில்தான், ஆனால் அந்தக் குட்டிகள் ஒவ்வொன்றும் கேரியர், சந்தேகமே இல்லை. அதில் நல்ல உடம்பும் அமைதியான குணமும் உள்ள பெண்ணைத் தேர்ந்தெடுத்துத் தகப்பனோடு சேர்த்தால் பாதி மொட்டை. தகப்பனையும் மகளையும் சேர்க்கும் அளவு நெருங்கிய உறவு பிடிக்கவில்லை என்றால் ஆரம்பத்திலேயே இரண்டு வெவ்வேறு பெண்களோடு ஆணைச் சேர்த்து, ஒருத்தியின் மகனையும் மற்றவளின் மகளையும் இணைக்கலாம், அப்போது நாலில் ஒன்றுதான் மொட்டை. சினைக்காலம் 19 முதல் 21 நாள், மகள் இணையத் தகுந்த வளர்ச்சி அடைய மூன்று மாதம், மறுபடி சினை, முடி கொட்டும் வரை இரண்டரை வாரம். முதல் இணையிலிருந்து உங்கள் வீட்டில் பிறந்த முதல் மொட்டையைப் பார்க்க ஐந்து மாதம் போலப் பிடிக்கும்.

குட்டிகளே சாட்சி சொல்லும் என்பது இதில் எனக்குப் பிடித்த பகுதி. முடியுள்ள, உறவில்லாத பெண்ணோடு சேர்த்த முதல் ஈற்றிலேயே பாதிக்குப் பாதி முடி உதிர்ந்தால் உங்களிடம் இருப்பது எச்ஆர் இல்லை, ஓங்கு வகையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பெண்ணும் யாருக்கும் தெரியாமல் கேரியராக இருந்திருக்க வேண்டும். இரண்டு வேறு ஆட்களிடம் வாங்கிய மொட்டை ஆணும் மொட்டைப் பெண்ணும் சேர்ந்து முழு முடியோடு குட்டி வளர்ந்தால், ஏமாற்றம் ஒன்றுமில்லை, இரண்டும் வெவ்வேறு மரபணுவின் மொட்டை என்று அர்த்தம். ஒன்றின் குறையை மற்றது நிரப்பிவிட்டது. மகளைத் தகப்பனோடு சேர்த்து எட்டுக் குட்டி பிறந்து ஒன்றுகூட மொட்டையாகவில்லை என்றால்? எச்ஆராக இருந்தால் அப்படி நடக்க 256ல் ஒரு வாய்ப்புதான். தகப்பனின் மொட்டைக்குக் காரணம் கூண்டு நாவிதரா, பூச்சியா, வேறு ஏதாவதா என்று திரும்பப் பார்க்க வேண்டிய நேரம் அது.

பெண் ஈனுவதற்கு முன்பே ஆணைப் பிரித்துவிடுங்கள். ஈன்ற ஒரு நாளுக்குள் சுண்டெலி மறுபடி சினையாகிவிடும், பால் கொடுத்துக்கொண்டே அடுத்த ஈற்றைச் சுமப்பது எந்தத் தாய்க்கும் சித்திரவதை. குட்டிகளில் ஆணையும் பெண்ணையும் நாலு வாரத்தில் பிரிக்க வேண்டும், ஐந்தாவது வாரத்தில் சிலது பருவத்துக்கு வந்துவிடும். ஏதோ காரணத்தால் மொட்டைப் பெண்ணே ஈன்றுவிட்டால், அதே நாட்களில் ஈன்ற முடியுள்ள தாய் ஒருத்தி பக்கத்தில் இருந்தால் குட்டிகளை அவளிடம் கலந்துவிடலாம். சுண்டெலிகள் ஒன்றின் குட்டிக்கு மற்றது பால் கொடுக்கும் இனம், பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

குளிர், கண், நகம்

உடை தைத்துப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம், கடித்துத் தின்றுவிடும். சுண்டெலி தன் உடல் சூட்டுக்காகத் தனியாகச் சக்தி செலவழிக்காமல் இருப்பது 30 டிகிரி செல்சியஸ் ஒட்டிய வெப்பத்தில். நமக்கு இதமான 21 டிகிரி அறை முடியுள்ள எலிக்கே குளிர், கூடு கட்டிச் சமாளிக்கிறது. மொட்டைக்கு அறை 24க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. தனியாக வைக்காமல் இரண்டு மூன்று பெண்களாக வைத்தால் ஒட்டிக்கொண்டு தூங்கும், கேரியர் சகோதரிகளே இதற்கு நல்ல துணை. சாப்பாடு கூடத்தான் ஆகும், இழந்த சூட்டை ஈடுகட்ட வேண்டுமே. தட்டில் உணவு எந்நேரமும் இருக்கட்டும்.

கூட்டுக்கு வாசனையில்லாத டிஷ்யூ பேப்பர், காகிதக் கீற்று போதும். பஞ்சும் நூல் நூலாகப் பிரியும் துணியும் ஆகாது. இமைமுடி இல்லாததால் தூசியும் இழையும் நேராகக் கண்ணுக்குள் போகும், மொட்டை எலிக்குக் கண் சீழ் பிடிப்பது சாதாரணம். அதே காரணத்துக்காக பைன், தேவதாரு மரத்தூளையும் தவிருங்கள். நகம் வளைந்து நீளமாக வளரும், சொறியும்போது தன் தோலையே கிழித்துக்கொள்ளும், அதனால் நுனியை மட்டும் அவ்வப்போது வெட்ட வேண்டும். வயதாகும்போது தோலில் சின்னச் சின்னக் கட்டிகள், கரும்புள்ளிகள் வரும். அது அந்த மரபணுவின் வேலை, பிதுக்கக் கூடாது. எண்ணெய் பூசுவதும் தேவையில்லை, பூசினால் நாள் முழுக்க நக்கிக்கொண்டிருக்கும். வெயிலில் வைக்கவே வைக்காதீர்கள். புற ஊதாக் கதிரால் தோல் புற்று எப்படி வருகிறது என்று ஆராய எஸ்கேஎச்-1 எலியைத் தேர்ந்தெடுத்ததே அதன் தோல் அந்தக் கதிருக்கு அவ்வளவு எளிதில் பலியாகும் என்பதால்தான்.

ஆண்கள் சண்டை போடும், முடி என்ற கவசம் இல்லாததால் ஒவ்வொரு கடியும் நேராகத் தோலில். ஆணுக்குத் தனிக் கூண்டு, அதற்கு நல்ல கூடு, அவ்வளவுதான். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இன்னொரு விஷயம்: சுண்டெலியிலிருந்து எல்சிஎம்வி என்ற வைரஸ் தொற்றக்கூடும், வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு அது ஆபத்து. பிரசவம் முடியும் வரை எலியையும் கூண்டு சுத்தம் செய்யும் வேலையையும் வேறு யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும்.

பெருக்கலாமா என்ற கேள்வி

எச்ஆர் வம்சங்களில் எச்ஆர்எஸ் என்ற நெருங்கிய உறவுக்குள்ளேயே பெருக்கப்பட்ட ஆய்வக வம்சத்தில், மொட்டைகளுக்கு அவற்றின் முடியுள்ள உடன்பிறப்புகளைவிட ரத்தப் புற்று மிக அதிகமாக வருவதை 1969லேயே பதிவு செய்திருக்கிறார்கள். எல்லா மொட்டை எலிக்கும் இதே கதி என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் மூன்று நாலு தலைமுறைக்கு ஒரு முறையாவது உறவில்லாத முடியுள்ள பெண்ணைக் கொண்டுவர இது போதுமான காரணம். ஜெர்மனியின் விலங்கு நலச் சட்டத்தின் 11பி பிரிவு, பரம்பரையாக வலியோ துன்பமோ குறையோ தரும் பண்புகளுக்காக விலங்குகளைப் பெருக்குவதைத் தடை செய்கிறது. அந்த அளவுகோலில் ரைனோவையும் நியூட்டையும் செல்லமாகப் பெருக்குவதற்கு எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. எச்ஆர் எல்லைக்கோட்டில் நிற்கிறது. சூடும் துணையும் இருந்தால் அது முடியுள்ள எலியைப் போலவே ஓடுகிறது, ஏறுகிறது, சக்கரம் சுற்றுகிறது. மொட்டைத் தாயைக் கொண்டு பெருக்கிக் குட்டிகளைப் பட்டினி போடுகிறவரைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கடைசியாக, யாரும் கணக்கில் சேர்க்காத பாதி. சரியான முறையில் இணைத்தால் ஒவ்வொரு ஈற்றிலும் ஏறக்குறைய பாதி முடியுள்ள கேரியர்கள். எட்டுக் குட்டியில் நாலு மொட்டைக்கு ஆள் முன்கூட்டியே கேட்டு வைத்திருப்பார்கள், மற்ற நாலை யாரும் கேட்க மாட்டார்கள், அதிலும் ஆண்களை. ஓரிரு பெண்களை அடுத்த தலைமுறைக்கு நீங்களே வைத்துக்கொள்ளலாம். மீதிக்கு வீடு பார்த்து வைத்த பிறகு ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் விடுங்கள். கொடுக்கும்போது கேரியர் என்று ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு தலைமுறை கழித்து அந்த வீட்டில் பதினான்காம் நாள் ஒரு குட்டிக்குக் கண்ணைச் சுற்றி முடி கொட்டும்போது நோய் என்று நினைத்து மருந்து போட ஆரம்பிப்பார்கள்.